இறங்கி வந்தால்தான் கணக்கு!

சென்னை மேடு பள்ளம் இல்லாத ஊர். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 20 அடி உயரத்தில்தான் நகரத்தின் பெரும் பகுதி இருக்கிறது. மயிலாப்பூரில் இருந்து அடையாறு வரை நடந்தாலும் மூச்சு வாங்காது. தியாகராய நகரில் மேம்பாலம் ஏறினால்தான் "ஏற்றம்" என்றால் என்ன என்று தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் இருந்து இன்று பலர் மலை ஏறப் போகிறார்கள்!

வெள்ளிக்கிழமை இரவு பஸ் நிலையத்தில் அவர்களைப் பார்க்கலாம். முதுகில் பை. காலில் பூட்சு. கையில் ஒரு கோல். வாரம் முழுவதும் ஆபீசில் உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள். கல்லூரியில் படிப்பவர்கள். ஓய்வு பெற்ற பெரியவர்களும் உண்டு. திங்கட்கிழமை காலையில் கால் வலியோடும் மலர்ந்த முகத்தோடும் திரும்பி வருகிறார்கள்.

இவர்களைச் சேர்த்து அழைத்துப் போகச் சங்கங்கள் இருக்கின்றன. 1949-ம் ஆண்டில் தொடங்கிய இந்திய யூத் ஹாஸ்டல் சங்கம் பழைய சங்கம். சென்னையில் அதன் விடுதி அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. 2008-ம் ஆண்டில் சென்னை டிரெக்கிங் கிளப் தோன்றியது. பிறகு இன்னும் பல குழுக்கள் வந்தன.

சங்கம் என்று வந்துவிட்டால் போட்டியும் வந்துவிடும். "இந்த ஆண்டுக்குள் 10 மலை ஏற வேண்டும்" என்று சிலர் சபதம் செய்கிறார்கள். 10 மலை முடித்தவருக்குக் கைதட்டல் கிடைக்கும். 8 மலையில் நிற்பவருக்குத் தூக்கம் வராது!

இது நல்லதா, கெட்டதா?

நல்லதுதான். ஆனால் கணக்கை எப்படிப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே நல்லது.

வீட்டில் நடக்கும் வாதம்

மகள் மலைக்குப் போகிறேன் என்றால் பல வீடுகளில் முதலில் பேசுபவர் அம்மா.

"உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? கோவிலுக்குப் போ. கடற்கரைக்குப் போ. மலையில் என்ன இருக்கிறது?"

மகள் சொல்லுவாள்: "அம்மா, நாங்கள் தனியாகப் போகவில்லை. 20 பேர் சேர்ந்து போகிறோம்."

"20 பேர் போனால் பாம்பு பயந்து ஓடிவிடுமா?"

அப்பா பத்திரிகையில் இருந்து தலையைத் தூக்குவார். "போகட்டுமே, என்ன ஆகிவிடும்?" என்பார். அல்லது, "அம்மா சொல்வதைக் கேளம்மா" என்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்கு விவரம் தெரியாது!

அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மகளின் ஆசையிலும் நியாயம் இருக்கிறது. இந்த வாதத்தைக் கோபத்தால் தீர்க்க முடியாது. விவரம் தெரிந்தால் தீர்க்கலாம்.

எவரெஸ்டை அளந்த ஊர்

மலைக்கும் சென்னைக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகத்திலேயே உயரமான மலையை அளந்த வேலை சென்னையில்தான் தொடங்கியது!

பரங்கிமலையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மின்சார ரெயிலில் போனால் தெரியும். விமான நிலையத்துக்குப் போனாலும் தெரியும். உயரம் சுமார் 300 அடி. உச்சியில் போர்ச்சுக்கீசியர் கட்டிய பழைய தேவாலயம் இருக்கிறது.

அந்த மலைக்கு அருகில் 1802-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி வேலையைத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை வைத்து, மறுபடி எடுத்து வைத்து, ஏழரை மைல் தூரத்தை அளந்தார். அந்தக் கோட்டை அடிப்படையாகக் கொண்டு முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதையும் அளந்து கொண்டே வடக்கே போனார்கள். லாம்டன் வழியில் இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகும் வேலை தொடர்ந்தது.

50 ஆண்டு கழித்து, 1852-ம் ஆண்டில், வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார் என்ற கணித மேதை இமயமலையின் ஒரு சிகரத்தைக் கணக்கிட்டார். உலகத்தில் அதுதான் மிக உயரம் என்று தெரிந்தது. 1856-ம் ஆண்டில் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். பிறகு அதற்கு எவரெஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கணக்குப்படி உயரம் 8,848.86 மீட்டர். அடியில் சொன்னால் சுமார் 29,032. அந்தக் காலத்துக் கணக்கில் 30 அடிதான் குறைந்திருக்கிறது!

300 அடி மலையின் அடிவாரத்தில் தொடங்கிய வேலை 29,000 அடியை எட்டியது. தாண்டிக் குதிக்கவில்லை. சங்கிலி சங்கிலியாக, 100 அடி 100 அடியாகப் போனார்கள். மலை ஏறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பட்டியல் போட்டவர் கதை

மலைகளைப் பட்டியல் போட்டு ஏறும் பழக்கம் எங்கே இருந்து வந்தது?

ஸ்காட்லாந்து நாட்டில் ஹியூ மன்றோ என்ற பிரபு இருந்தார். 1891-ம் ஆண்டில் அவர் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உள்ள மலைகள் எவை எவை என்பது பட்டியல். அந்த மலைகளுக்கு "மன்றோ" என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைய பட்டியலில் 282 மலைகள் இருக்கின்றன. அத்தனையும் ஏறி முடிப்பது அங்கே பலருக்கு வாழ்நாள் ஆசை. மளிகைக் கடைக்காரர், ஆசிரியர், தாத்தா, பாட்டி என்று பலர் ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக ஏறுகிறார்கள்.

முதலில் முடித்தவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார் என்பார்கள். 1901-ம் ஆண்டில் முடித்தார்.

சரி, பட்டியல் போட்ட மன்றோ எப்போது முடித்தார்?

அவர் முடிக்கவே இல்லை! 1919-ம் ஆண்டில் இறந்து போனார். ஸ்கை தீவில் ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. "எட்டாத கூர்முனை" என்பது அதன் பெயரின் பொருள். அவருக்கு அது கடைசி வரை எட்டவில்லை.

அதனால் அவரை யாராவது தோற்றவர் என்று சொல்கிறார்களா? இல்லை. ஒரு நாட்டு மக்களையே மலை ஏற வைத்தவர் என்று அவர் பெயரைச் சொல்லுகிறார்கள்.

குரங்கணி

இனிச் சொல்லப் போவது துயரமான கதை. சொல்லாமல் இருக்க முடியாது.

2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பற்றியது. மலையில் இருந்து இறங்கிக் கொண்டிருந்தவர்கள் நடுவில் சிக்கிக் கொண்டார்கள். சென்னை டிரெக்கிங் கிளப் மூலம் சென்னையில் இருந்து போனவர்கள் ஒரு குழு. பெண்கள் தினத்தை ஒட்டிப் போன அந்தக் குழுவில் பெண்களே அதிகம். ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்து போனவர்கள் இன்னொரு குழு. விமானப் படை ஹெலிகாப்டர்கள் வந்தன. கிராம மக்கள் ஓடி வந்து தோளில் சுமந்தார்கள். அப்படியும், சிகிச்சையில் இருந்தபோது இறந்தவர்களையும் சேர்த்து, 23 பேர் மாண்டார்கள்.

அவர்கள் எல்லோரும் நம்மைப் போன்றவர்கள். வேலைக்குப் போனவர்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களும் அதில் இருந்தார்கள்.

மார்ச் மாதத்தில் மலைப் புல் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். சமதரையில் தீ பரவுவது ஒரு வேகம். மலைச் சரிவில் அது பல மடங்கு வேகம். கீழே எரியும் தீயின் சூடு மேலே போகும். மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். ஆகவே தீ சரிவின் மேல்நோக்கித் தாவி ஓடும். மனிதன் மேட்டில் அவ்வளவு வேகமாக ஓட முடியாது.

இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் போதும். கோடையில் காய்ந்த காட்டுக்குப் போகலாமா என்ற கேள்விக்கே இடம் இல்லை.

பிறகு என்ன நடந்தது?

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு விசாரணை நடத்தியது. 2018-ம் ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வனத்துறையின் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. பாதைகளைச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தார்கள்.

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அரசே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர், "டிரெக் தமிழ்நாடு". 14 மாவட்டங்களில் 40 பாதைகள். வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ பணம் கட்டிப் பதிவு செய்யலாம். அந்தந்தக் காட்டுப் பகுதியைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்களும் கிராமத்து இளைஞர்களும் பயிற்சி பெற்று வழி காட்டுகிறார்கள். பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடு வரை, தீப் பிடிக்கும் காலத்தில், பாதைகளை மூடுகிறார்கள்.

இது சரியான வழி. காட்டில் பிறந்தவருக்குக் காற்றின் திசை தெரியும். யானை போன தடம் தெரியும். எந்த ஓடையில் திடீர் வெள்ளம் வரும் என்றும் தெரியும். செல்போனில் உள்ள படத்துக்கு இதெல்லாம் தெரியாது. காட்டுக்குள் போனால் செல்போன் பேசாது. 108-க்குக் கூப்பிட்டாலும் ஆம்புலன்ஸ் பாறை மேல் ஏறி வராது.

சிலர் முணுமுணுக்கிறார்கள். "அனுமதி, கட்டணம், வழிகாட்டி என்றால் சுதந்திரம் எங்கே?" என்கிறார்கள். ரெயிலுக்கு டிக்கெட் வாங்குகிறோம். யாரும் அதைச் சுதந்திரத்துக்குத் தடை என்று சொல்வதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வழிகாட்டிக்குக் கிடைக்கும் கூலி அந்தக் கிராமத்திலேயே செலவாகும். காடு இருந்தால்தான் தனக்குப் பிழைப்பு என்று அந்த வாலிபர் நினைப்பார். காட்டைக் காப்பாற்ற இதைவிட நல்ல காவல் எது?

நல்ல சங்கம் எது?

பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் சில கேள்விகள் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வனத்துறை அனுமதி வாங்கியாகிவிட்டதா? காகிதத்தைக் காட்ட முடியுமா?

எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? முன்னால் ஒருவர் போனால், எல்லோருக்கும் கடைசியாக வருவதற்கு ஒருவர் இருக்கிறாரா?

முதல் உதவி தெரிந்தவர் யார்?

எத்தனை மணிக்குத் திரும்பத் தொடங்குவீர்கள்? உச்சியை அடையாவிட்டாலும் அந்த மணிக்குத் திரும்புவீர்களா?

புதிதாக வருகிறவரை எந்த மலைக்கு அழைத்துப் போகிறீர்கள்?

நல்ல சங்கம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. "நாங்களே சொல்ல நினைத்தோம்" என்று பதில் சொல்லும். "ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லும் சங்கத்தில் சேர வேண்டாம்.

கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். வேகமாக நடக்கத் தெரிந்தவர் பலர். பின்னால் வருகிறவருக்காக நிற்கத் தெரிந்தவர் சிலரே. அந்தச் சிலர் உள்ள சங்கமே நல்ல சங்கம்.

படிப்படியாக ஏழு மலை

கணக்கு வைத்து ஏற ஆசையா? தாராளமாக ஏறலாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பிறகுதான் இரண்டாம் வகுப்பு. மலைக்கும் அதே வரிசை வேண்டும். சென்னைக் குடும்பங்களுக்கு ஏற்ற வரிசை ஒன்று:

முதல் மலை, பரங்கிமலை. 300 அடி. பாட்டி, பேரன் எல்லோரும் சேர்ந்து ஏறலாம். காலையில் போய்ப் பத்து மணிக்குள் வீடு திரும்பலாம். மேலே நின்று பார்த்தால் சென்னை முழுவதும் தெரியும்.

இரண்டாவது, திருக்கழுக்குன்றம். சுமார் 500 அடி. 565 படி. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் இருக்கிறது.

மூன்றாவது, சோளிங்கர். 1,305 படி. 750 அடி. இப்போது அங்கே ரோப் காரும் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் அதில் போகலாம். ஏற வந்தவர்கள் படியில் ஏறலாம். குரங்குகள் உண்டு. கையில் பை தொங்கினால் பிடுங்கிவிடும்!

நான்காவது, செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி. சுமார் 800 அடி. இங்கே உயரத்தைவிட வெயில்தான் பகை. பாறை சூடேறினால் அடுப்பு மாதிரி கொதிக்கும். மார்கழி, தை மாதங்களில் காலையிலேயே ஏற வேண்டும்.

ஐந்தாவது, திருவள்ளூர் மாவட்டத்தில் குடியம் குகை. இது உச்சி அல்ல. ஆனால் காட்டுக்குள் நடக்கப் பழக வேண்டும் அல்லவா? அரசின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று. ஆதி மனிதன் வாழ்ந்த பகுதி. வழிகாட்டி பேசுவதைக் கேட்டுக்கொண்டு, வரிசையை விட்டு விலகாமல் நடப்பதே இங்கே பாடம்.

ஆறாவது, திருவண்ணாமலை மாவட்டத்தில் பர்வதமலை. 4,000 அடியைத் தாண்டிய மலை. இரும்பு ஏணியும் சங்கிலியும் பிடித்து ஏற வேண்டிய இடங்கள் உண்டு. முதல் ஐந்தையும் முடிக்காதவர் இதில் கால் வைக்கக் கூடாது.

ஏழாவது, கோவை வெள்ளியங்கிரி. ஏழு மலை தாண்ட வேண்டும். வனத்துறை அனுமதிக்கும் மாதங்களில் மட்டும் போகலாம். பக்தியோடு லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் சிலர் இறந்த செய்தி ஆண்டுதோறும் வருகிறது. இருதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது.

தொட்டபெட்டா ஏன் இல்லை என்று கேட்கலாம். தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம் அதுதான். 2,637 மீட்டர். ஆனால் உச்சி வரை கார் போகிறது! காரில் போய் இறங்கி, "சிகரம் ஏறினேன்" என்றால் கணக்கில் சேருமா?

ஏழையும் முடிக்க ஓர் ஆண்டும் ஆகலாம். ஐந்து ஆண்டும் ஆகலாம். அவசரம் இல்லை. மலை எங்கேயும் போய்விடாது.

வீட்டு மாடியே பள்ளிக்கூடம்

"பழக்கம் செய்ய மலை இல்லையே" என்று யாரும் சொல்ல வேண்டாம். தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வீடுகள் எல்லாம் அடுக்கு மாடி ஆகிவிட்டன. மாடிக்குப் படி இருக்கிறது. லிப்டு வந்த பிறகு அந்தப் படியை யாரும் மிதிப்பதில்லை!

ஒரு மாடிக்குச் சுமார் 10 அடி. நான்காவது மாடி வரை ஏறினால் 40 அடி. எட்டு முறை ஏறி இறங்கினால் 320 அடி. பரங்கிமலை முடிந்தது! பத்தொன்பது முறை ஏறினால் சோளிங்கர் உயரம்.

முதல் நாளே பத்தொன்பது முறை ஏற வேண்டாம். முதல் வாரம் இரண்டு முறை. அடுத்த வாரம் மூன்று முறை. வாரத்துக்கு ஒன்று கூட்டினால், நாலைந்து மாதத்தில் சோளிங்கருக்குக் கால் தயார். மற்ற நாட்களில் மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலோ, பெசன்ட் நகர் கடற்கரையிலோ வேகமாக நடக்கலாம். கடற்கரை மணலில் நடந்தால் கணுக்காலுக்குப் பலம்.

ஏறும்போது மூச்சுக்கு வேலை. இறங்கும்போது முழங்காலுக்கு வேலை. பலர் இறங்கும்போதுதான் சறுக்கி விழுகிறார்கள். களைப்பு இருக்கும். "வேலை முடிந்தது" என்ற அலட்சியமும் இருக்கும். ஆகவே இறங்கவும் பழக வேண்டும்.

பையில் என்ன வேண்டும்? தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி, கடலை மிட்டாய், ஒரு விசில், ஒரு டார்ச், தலைக்குத் தொப்பி. தண்ணீரைக் கடகடவென்று குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உயரமான மலைக்குப் போனால் கம்பளிச் சட்டை வேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும்.

கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும். நிரம்பிய பாட்டிலைத் தூக்கிக் கொண்டு ஏறியவருக்குக் காலிப் பாட்டில் சுமையா?

திரும்பி வந்த வீரர்

இனி முக்கியமான விஷயம். உச்சி தெரிகிறது. இன்னும் கொஞ்சம்தான். ஆனால் நேரம் ஆகிவிட்டது. என்ன செய்வது?

1924-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. நார்ட்டன் என்ற ஆங்கிலேயர் எவரெஸ்டில் ஏறிக் கொண்டிருந்தார். பிராணவாயு சிலிண்டர் கிடையாது. 28,126 அடி வரை போய்விட்டார். அதுவரை யாரும் அவ்வளவு உயரம் ஏறியது இல்லை. உச்சிக்கு இன்னும் 900 அடிதான். ஆனால் அவருக்குக் கண் தடுமாறியது. ஒன்று இரண்டாகத் தெரிந்தது. நேரமும் ஆகிவிட்டது. நார்ட்டன் திரும்பிவிட்டார்.

நான்கு நாள் கழித்து மல்லோரி, இர்வின் என்ற இருவர் அதே பக்கம் உச்சியை நோக்கிப் போனார்கள். அவர்கள் திரும்பவில்லை. மல்லோரியின் உடல் 75 ஆண்டு கழித்து, 1999-ம் ஆண்டில்தான் கிடைத்தது. அவர்களும் வீரர்களே. அதில் சந்தேகம் இல்லை.

நார்ட்டன் என்ன ஆனார்? ஊருக்குத் திரும்பினார். கல்யாணம் செய்து கொண்டார். பிள்ளைகளைப் பெற்றார். 1953-ம் ஆண்டு மே 29-ந் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அந்தச் செய்தியைக் கேட்க நார்ட்டன் உயிரோடு இருந்தார்!

900 அடி மிச்சம் இருக்கும்போது திரும்பியவரை உலகம் கோழை என்று சொல்லவில்லை. பர்வதமலையில் பாதி வழியில் திரும்பும் ஒரு கல்லூரி மாணவனை மட்டும் நண்பர்கள் ஏன் கேலி செய்ய வேண்டும்? கேலி செய்யும் நண்பன் மலைக்கு ஆகாத நண்பன்.

பெண்களைப் பூட்டி வைக்கலாமா?

குரங்கணிக்குப் பிறகு பல வீடுகளில் ஆண் பிள்ளைக்கு அனுமதி கிடைத்தது. பெண் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கவில்லை. இது நியாயம் இல்லை. தீ ஆண், பெண் பார்த்து எரிப்பதில்லை. பாதுகாப்பும் இருவருக்கும் ஒன்றுதான்.

முத்தமிழ்ச்செல்வி என்ற பெண்மணி விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்தவர். சென்னையில் ஜப்பான் மொழி கற்பித்து வந்தார். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தாய். 2023-ம் ஆண்டு மே மாதம் அவர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டில் இருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் பெண் அவரே. நேராக எவரெஸ்டுக்குப் போய்விடவில்லை. சிறிய குன்றுகளில் பழகி, பிறகு பெரிய மலைகளில் பழகி, அதன் பிறகே போனார்.

எல்லோரும் எவரெஸ்ட் ஏற வேண்டியது இல்லை. ஆனால் 20 வயதுப் பெண் ஒருத்தி தன் பையைத் தானே சுமந்து, தன் காலால் ஏறி, களைத்துப் போன இன்னொருத்திக்குக் கை கொடுத்துத் திரும்பி வந்தால், அவள் வேறு பல கஷ்டங்களையும் தாங்குவாள். மலை கொடுக்கும் உண்மையான பரிசு இதுதான். அந்தப் பரிசை மகனுக்கு மட்டும் கொடுத்து மகளுக்கு மறுக்கலாமா?

சங்கங்கள் செய்ய வேண்டியது

மலை ஏறும் சங்கங்கள் பரிசு கொடுக்கட்டும். பதக்கம் கொடுக்கட்டும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்யலாம்.

"உச்சியை அடைந்தவர்" என்று எழுதும் இடத்தில், "குழுவோடு ஏறி, குழுவோடு இறங்கியவர்" என்று எழுதட்டும். உடம்பு முடியாத தோழருக்காகப் பாதி வழியில் திரும்பியவருக்கும் அந்த மலையைக் கணக்கில் சேர்க்கட்டும். விதியை மீறி, மூடிய காட்டுக்குள் நுழைந்து உச்சியைத் தொட்டவருக்குப் பூஜ்யம் போடட்டும்.

அப்படிச் செய்தால் போட்டியும் இருக்கும், ஆபத்தும் குறையும். இன்னும் இரண்டு மலைதான் பாக்கி என்ற அவசரத்தில் மார்ச் மாதத்துக் காட்டுக்குள் யாரும் ஓட மாட்டார்கள்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். மகனோ மகளோ மலைக்குப் போகிறேன் என்றால், "வேண்டாம்" என்று சொல்லும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு பரங்கிமலைக்குப் போய் வரட்டும். 300 அடிதான். ஏறும்போது பிள்ளை தண்ணீர் குடிக்கிறதா, அவசரப்படுகிறதா, களைத்த அம்மாவுக்காக நிற்கிறதா என்று பார்க்கட்டும்.

நிற்கிற பிள்ளையை அடுத்த மலைக்கு நம்பி அனுப்பலாம்.